16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

பெரும்பாலானவர்கள் வேறு ஏதோ வேலை பார்த்துப் பிழைத்தார்கள். ஆராய்ச்சிக்கென்றே சம்பளம் தரும் பதவி அன்று மிகவும் அபூர்வம். வேதியியலாளர் ராபர்ட் பாயில் பணக்காரப் பிரபுவின் மகன், அவருக்குக் கவலையில்லை. நுண்ணோக்கியில் நுண்ணுயிர்களைப் பார்த்த லேவன்ஹூக், டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி.

கலிலியோவுக்கு 1592இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 180 ஃபுளோரின் கிடைத்தது. முந்தைய வருடம்தான் அப்பா இறந்திருந்தார். தங்கைகளின் வரதட்சணைச் சுமை அவர் தலையில். அதனால் மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்துச் சாப்பாடு போட்டுக் காசு வாங்கினார். ஒரு கைவினைஞரை வீட்டோடு வைத்துக்கொண்டு, கணக்குப் போட உதவும் ஒரு கவராயம் செய்து விற்றார். கருவி விற்றதைவிட, அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்ததில்தான் அவருக்கு வரும்படி அதிகம். 1610இல், தான் கண்ட வியாழனின் நான்கு நிலவுகளுக்கு, ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தின் பெயரை வைத்தார். அதே ஆண்டு 1,000 ஸ்கூடி சம்பளத்தில் அவர்கள் அரசவையில் வேலை, பாடம் நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை.

சரி, ஜெர்மானிய வானியலாளர் கெப்ளருக்கு வருகிறேன். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஏழு மாதம் உதவித்தொகை வராமல் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அந்த நாட்களில்தான் இவர் கதையைப் படித்தேன், இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கிராட்ஸ் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதே, பஞ்சாங்கம் எழுதிக் கூடுதலாகச் சம்பாதித்தவர் அவர். ஜோதிடம் என்ற அசட்டு மகள் சம்பாதிக்காவிட்டால், வானியல் என்ற தாய் பட்டினி கிடப்பாள் என்று பிற்பாடு எழுதினார். 1601இல் புனித ரோமானியப் பேரரசரின் கணிதவியலாளர் ஆனார். ஆண்டுக்கு 500 குல்டன் என்று பேச்சு, ஆனால் கஜானாவிலிருந்து பணம் ஒழுங்காக வராது. செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று நிறுவிய நூலை 1609இல் வெளியிட்டது இந்த நிலையில்தான்.

பாக்கி ஏறிக்கொண்டே போய் ஏறக்குறைய 12,000 குல்டன் ஆனது. 1628இல் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்ட் அதை வாலன்ஸ்டைன் என்ற தளபதியின் தலையில் கட்டிவிட்டார். இருபது வருடங்களுக்கு முன் கெப்ளர் ஜாதகம் கணித்துக் கொடுத்த அதே வாலன்ஸ்டைன்! அவரும் அந்தக் கடனை அடைக்கவில்லை. 1630இல், வரவேண்டிய பணத்தைக் கேட்டு வாங்கக் கெப்ளர் ரேகன்ஸ்பர்க் நகருக்குக் குதிரையேறிப் போனார். போன சில நாட்களிலேயே காய்ச்சலில் படுத்தவர், நவம்பர் 15 அன்று அங்கேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 58.