வாசகர் கேள்வி–பதில்: பசூக்கா எப்படி டாங்கியைத் துளைக்கிறது?

இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் ஒரு வீரர் தோளில் குழாயை வைத்துச் சுட்டதும் டாங்கி நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாகப் போகும் ராக்கெட், அத்தனை கனமான எஃகை எப்படித் துளைக்கிறது? (வாசகி, கரூர்)

இதற்கு வேகம் தேவையில்லை. அமெரிக்க பசூக்காவின் ராக்கெட் விநாடிக்குச் சுமார் 80 மீட்டர்தான் போகும்; ரைபிள் தோட்டா அதைப்போலப் பத்து மடங்கு வேகம். துளைக்கும் வேலையைச் செய்வது ராக்கெட்டின் தலைக்குள் இருக்கும் உலோகக் கூம்பு. அதன் அகன்ற வாய் முன்பக்கம் பார்த்திருக்கும், அதைச் சுற்றிப் பின்னால் வெடிமருந்து. மருந்து பின்முனையிலிருந்து வெடித்ததும் கூம்பு உள்வாங்கி நசுங்கி, நடு அச்சில் மெல்லிய தாரையாகப் பிதுங்குகிறது. தாரையின் முனை விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது, அந்த அழுத்தத்தில் எஃகு களிமண்ணாக விலகி வழிவிடுகிறது. கவசத்தை ‘உருக்கித் துளைக்கிறது’ என்று பலர் எழுதுவது தவறு. நடப்பது உருக்கம் அல்ல, அழுத்தம்.

இதில் இரண்டு விஷயம் பிசகக் கூடாது. கூம்பு தகட்டை ஒட்டி வெடித்தால் தாரை நீள இடமிருக்காது. ரொம்பத் தள்ளி வெடித்தால் துண்டு துண்டாகிவிடும். ராக்கெட்டின் மூக்கு வெற்றுக் கூடாக இருப்பது அந்த இடைவெளியைத் தரத்தான். இரண்டாவது, வேகமாகச் சுழலக் கூடாது. சுழன்றால் தாரை சிதறும். அதனால்தான் குழாயில் வரிப்பள்ளம் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளம்) இல்லை, ராக்கெட்டுக்கு வால்சிறகு.

பசூக்காவைச் சுட இருவர் எதற்கு? உள்ளே பேட்டரி இருந்ததாமே? (வாசகர், ஓசூர்)

இருந்தது. 1942-இல் வந்த எம்1 மாடல் 60 மி.மீ. உள்விட்டமுள்ள எஃகுக் குழாய். நீளம் ஏறக்குறைய 137 செ.மீ., எடை சுமார் 8 கிலோ. மரக்கட்டைப் பிடிக்குள் பேட்டரி. சுடுபவர் குறி பார்த்தபடி இருப்பார். உதவியாளர் பின்பக்கமாக ராக்கெட்டைச் செருகி, பாதுகாப்பு ஊசியை உருவி, வாலிலிருந்து வரும் கம்பியைக் குழாயின் பின்முனையிலுள்ள மின்தொடர்பில் மாட்டிவிட்டு, ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் விசை.

கம்பி சரியாகத் தொடாவிட்டால் ராக்கெட் கிளம்பாது. குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும். பின்னால் வந்த எம்9 மாடலில் பேட்டரியை எடுத்துவிட்டுக் கைப்பிடியில் மேக்னெட்டோ வைத்தார்கள். விசையை அழுத்துவதே மின்சாரத்தை உண்டாக்கும். குழாயையும் இரண்டாகக் கழற்றலாம். பாராசூட் வீரர்களுக்கு இது பெரிய வசதி.

குளிர் இன்னொரு தொல்லையும் கொடுத்தது. உந்துமருந்து குழாய்க்குள்ளேயே எரிந்து தீர வேண்டும். குளிர்ந்த மருந்து மெதுவாக எரிவதால், வாயைத் தாண்டிய பிறகும் எரியும் துகள்கள் சுடுபவர் முகத்தில் தெறிக்கும். எம்1ஏ1-இல் குழாயின் வாயில் கம்பிவலை மாட்டியது இதற்காகவே. பசூக்காவைப் பார்த்து ஜெர்மானியர் செய்த 88 மி.மீ. பான்சர்ஷ்ரெக்கில் தொல்லை இன்னும் அதிகம். முகமூடி அணிந்து சுட்டார்கள். பிறகு குழாயிலேயே கேடயத் தகடு பொருத்தினார்கள்.

பின்னுதைப்பே இல்லை என்றால் எங்கிருந்து வேண்டுமானாலும் சுடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

முடியாது. குழாய் இருபுறமும் திறந்திருப்பதால் வாயு பின்னால் பீறிடுகிறது, தோளில் உதைப்பு விழுவதில்லை. ஆனால் அந்த வாயு ஆளைக் கொல்லும். பின்னால் சுவர் இருந்தால் சுட்டவர் மீதே திரும்பும். படுத்துச் சுடும்போது கால்களை ஒருபக்கமாக ஒதுக்கி, உடல் குழாய்க்குக் குறுக்கே சாய்ந்திருக்க வேண்டும்.

கொரியப் போரில் பசூக்கா கைவிட்டது உண்மையா? (வாசகர், மதுரை)

உண்மை. 1950 ஜூலை 5, தென் கொரியாவின் ஓசான் அருகே ஆலி கானர் என்ற அமெரிக்க லெப்டினன்ட் வட கொரிய டி-34 டாங்கிகள் மீது மிக அருகிலிருந்து, அதுவும் பின்பக்கத்தில், 22 ராக்கெட் சுட்டும் பலன் அற்பம். டி-34-இன் முன்தகடு 45 மி.மீ.தான்; ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்திருப்பதால் நேர்க்கோட்டில் 90 மி.மீ. ஆகிவிடும். 60 மி.மீ. ராக்கெட்டுக்கு அது எல்லைக்கோடு. பின்பக்கமும் துளைபடாததற்குக் கவசத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கிடங்கில் நாள்பட்ட ராக்கெட்டுகளும் காரணம் என்றே சொல்லப்பட்டது. என் கணிப்பில் அந்த வீரர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இதுதான்: 89 மி.மீ. சூப்பர் பசூக்காவின் வடிவமைப்பு முன்பே தயார், கைக்குத்தான் வந்துசேரவில்லை. அவசரமாக விமானத்தில் வரவழைத்து, அதே மாதம் 20-ஆம் தேதி தேஜோனில் அதைக் கொண்டு டி-34-களை அழித்தார்கள். கூம்பின் விட்டம் கூடினால் துளையின் ஆழமும் கூடும், வித்தியாசம் அங்கேதான்.

பக்கக் காற்றில் ஆர்.பி.ஜி-7 காற்று வரும் பக்கமே திரும்புமாமே? (வாசகர், நாகர்கோவில்)

ஆமாம். தோளில் வைத்துச் சுடும் அந்தச் சோவியத் ஆயுதத்தின் ராக்கெட் மோட்டார் குழாயை விட்டுச் சுமார் 10 மீட்டர் போன பிறகுதான் எரியத் தொடங்கும். காற்று வால்சிறகைத் தள்ள, மூக்கு காற்றை எதிர்நோக்கித் திரும்பும். எரியும் மோட்டார் அந்தத் திசைக்கே உந்தும். பசூக்கா ராக்கெட் குழாயை விடும்போதே எரிந்து முடிந்துவிடுவதால், அதைக் காற்று தன் போக்கில் ஒதுக்கும்.

நம் ராணுவத்தின் 84 மி.மீ. கார்ல் குஸ்தாஃபும் ராக்கெட் லாஞ்சர்தானே? (வாசகர், வேலூர்)

பேச்சுவழக்கில் ஆர்.எல். என்கிறார்கள். ஆனால் சுவீடனில் பிறந்த அது, வரிப்பள்ளம் வெட்டிய பின்னுதைப்பற்ற பீரங்கி. வரிப்பள்ளம் குண்டைச் சுழற்றும், கூம்புக்கோ சுழற்சி ஆகாது. அதனால் அதன் 551 ரகக் கவசத்துளைப்புக் குண்டில் வழுக்கி ஓடும் வளையம் ஒன்று உண்டு. பள்ளத்தில் வளையம்தான் சுழலும். குண்டுக்கு அந்தச் சுழற்சியில் கொஞ்சமே போய்ச் சேரும்.