மொறிஸ் மைனருக்கு 1275 ஹெட் பூட்டலாமா?

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் 1098 சீசீ மொறிஸ் மைனர் இருக்கிறது. கொம்பிரஷனைக் கூட்ட 1275 எஞ்சினின் ஹெட்டை வாங்கிப் பூட்டலாமா, இருக்கிற ஹெட்டை ஃபேஸ் பண்ணினால் போதுமா?"

இருக்கிற ஹெட்டையே (சிலிண்டர்களின் மேல்மூடியை) ஃபேஸ் பண்ணுங்கள், அதாவது அதன் அடிமுகத்தைச் சீவுங்கள். 1275 ஹெட்டின் எரியறை சிறியது, ஏறத்தாழ 21 சீசீ. அதனால் கொம்பிரஷன், அதாவது எரிகலவை நசுக்கப்படும் விகிதம், ஏறும் என்பது உண்மை. ஆனால் அது 70.6 மில்லிமீற்றர் போருக்கு (சிலிண்டரின் உள்விட்டத்துக்கு) செய்தது. உங்கள் போர் 64.58. பெரிய எக்ஸோஸ்ட் வால்வு பிளொக்கின் விளிம்பில் முட்டும். பிளொக்கில் பள்ளம் வெட்ட வேண்டும், வெட்டிய பள்ளமோ கூட்டியதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எம்ஜி 1100 காரின் ஹெட் கிடைத்தால் வேறு கதை. அது முட்டாது, காற்றும் தாராளமாகப் போகும். ஆனால் அதன் அறை 28 சீசீ அளவில் இருப்பதால், ஃபேஸ் பண்ணாமல் பூட்டினால் கொம்பிரஷன் இறங்கிவிடும்.

வெட்டுமுன் கணக்குப் பாருங்கள். ஒரு சிலிண்டர் 274.5 சீசீ. விகிதம் 8.5 என்றால் பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 36.6 சீசீ. 9 ஆக்க 34.3, 9.5 ஆக்க 32.3 வேண்டும். போரை 60 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு) பெருப்பித்த எஞ்சின் என்றால், ஹெட்டைத் தொடாமலே 8.8ஐத் தாண்டியிருக்கும். பழைய வண்டிகளில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு சீவுவது? வால்வும் பிளக்கும் பூட்டிய ஹெட்டை மட்டமாகக் கவிழ்த்து வைத்து, அறையில் மண்ணெண்ணெயை விளிம்புவரை நிரப்புங்கள். குறைக்க வேண்டிய அளவை, 9க்கு என்றால் 2.3 சீசீயை, ஊசிக்குழாயால் உறிஞ்சுங்கள். எண்ணெய் எவ்வளவு கீழிறங்கியதோ அதுதான் சீவும் தடிப்பு. புதிய ஹெட்டின் உயரம் 69.85 மில்லிமீற்றர். உங்களுடையது அதைவிடக் குறைவென்றால் முன்னரே யாரோ சீவியிருக்கிறார்கள். சீவிய பிறகு, வால்வை இயக்கும் புஷ்ரொட் கம்பி தேவைக்கு மிஞ்சிய நீளமாகிப்போகும். றொக்கர் தாங்கிகளின் கீழ் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள்.

8.5இலிருந்து 9.5க்குப் போனால், கோட்பாட்டுக் கணக்கில் ஆதாயம் 3 சதவீதம்தான். ஆகவே 92 ஒக்ரேன் பெற்றோல் அடிப்பவர் 9உடன் நிற்பது நல்லது. 9.5 என்றால் 95 வேண்டும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓட முடிந்ததற்குக் காரணம் இந்தக் குறைந்த கொம்பிரஷன்தான். அதைக் கூட்டக் கூட்ட, மட்டமான எரிபொருளைத் தாங்கும் குணம் போய்விடும்.

ஹெட் கழற்றியிருக்கும்போதே எக்ஸோஸ்ட் பக்கம் கடின வால்வு சீற் போடுங்கள்; பழைய சீற்றைத் தேயாமல் காத்தது பெற்றோலில் இருந்த ஈயம், 2002இலிருந்து இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. பூட்டியபின் ஏற்றத்தில், டொப் கியரில் முழுதாக மிதித்துப் பாருங்கள். கிணுகிணுச் சத்தம் கேட்டால் பிளக் பொறி விழும் டைமிங்கை ஒன்றிரண்டு பாகை பின்தள்ளுங்கள்.