புலமைப்பரிசில் கைநழுவிப் போனது: ட்ரக்டரை அடகு வைக்கலாமா?

கேள்வி:

வணக்கம் ஐயா. நாங்கள் முத்தையன்கட்டுப் பக்கம். நாலு ஏக்கர் வயல், ஒரு ட்ரக்டர். அதுதான் எங்கட சொத்து. மூத்த மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எடுத்து இரண்டு ஏ, ஒரு பி. கொழும்பில் ஒரு தனியார் பட்டக் கல்லூரி முழுப் புலமைப்பரிசில் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். பரீட்சை எழுதி, நேர்முகம் வரை போனாள். கடைசியாகக் கூப்பிட்ட பதினைந்து பேரில் மூன்று பேருக்குத்தான் கொடுத்தவை. இவளுக்கு இல்லை. கட்டணத்தில் 25 வீதம் கழித்துத் தரலாம், 14 நாளுக்குள் பதிவுக் காசு கட்டுங்கோ என்று கடிதம் வந்திருக்கு. நாலு வருசத்துக்கும் சேர்த்து முழுக் கட்டணம் 24 இலட்சம்.

வவுனியா பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவத்துக்கும் இடம் கிடைத்திருக்கு. அது வேண்டாம் என்று அழுகிறாள். ஒழுங்காகச் சாப்பிடுறதும் இல்லை. பிள்ளை இப்படிக் கிடக்கிறதைப் பார்க்க ஏலாமல், ட்ரக்டரை லீசிங்கில் வைத்து 20 இலட்சம் எடுப்பம் என்று இவர் நிற்கிறார். கனடாவில் இருக்கிற என்ர தம்பியும் மாதா மாதம் அனுப்புறன் என்கிறான். அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் படிக்கினம். என்ன செய்யலாம்? எங்கட பிள்ளையில் என்ன குறை கண்டவை?

ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிந்தால்தான் காசுக் கணக்கைக் கலங்காமல் பார்க்க முடியும்.

பிள்ளையில் குறை கண்டதாக அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. பதினைந்து பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள் என்றால், அந்தப் பதினைந்து பேரும் படிக்கத் தகுதியானவர்கள் என்று அவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நடப்பது மூன்று கதிரைக்கு ஆள் எடுக்கிற வேலை. எந்தப் பாடநெறிக்கு ஆள் குறைவு, எந்த மாகாணத்துக்குக் கொடுத்தோம், ஆங்கிலத்தில் யார் தயங்காமல் பேசினார்கள் என்று பல கணக்குகள் அதற்குள் இருக்கும். பன்னிரண்டு நல்ல பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பத்தான் வேண்டும். உங்கள் மகள் அதில் ஒருத்தி. அது நோகும். நோகட்டும், இரண்டு கிழமை அழட்டும், "இதுக்கெல்லாம் அழுவதா" என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த இரண்டு கிழமைக்குள் வீட்டில் ஒருவரும் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கக் கூடாது. 14 நாள் கெடு உங்களுடைய அவசரம் அல்ல, அந்தக் கல்லூரியின் அவசரம்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மகள் ஆசைப்பட்டது செலவில்லாத கொழும்பை. இப்போது கடிதத்தில் வந்திருப்பது கடனோடு போகிற கொழும்பு. கல்லூரி ஒன்றுதான், கட்டடம் ஒன்றுதான், ஆனால் உங்கள் குடும்பத்துக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறான விசயங்கள். முதலாவது கிடைக்கவில்லை என்ற துக்கத்தில் இரண்டாவதை வாங்கப் போகிறீர்கள். இந்தக் கடன் யோசனை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 24 இலட்சத்தில் 25 வீதம் போனால் மிச்சம் 18 இலட்சம். கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 35,000 என்று சிக்கனமாகவே வைப்போம். 48 மாதத்துக்கு 16 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 34 இலட்சத்து 80 ஆயிரம். ட்ரக்டரை வைத்து எடுக்கிற 20 இலட்சம் இதற்குப் போதாது. மிச்சத்தைத் தம்பி தருவதென்றால் 48 மாதமும் ஒரு மாதம் கூடத் தவறாமல் 30,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப வேண்டும்.

வவுனியாவில் கற்பித்தல் கட்டணம் இல்லை. மாதம் 20,000 செலவு என்று வைத்தால் நாலு வருசத்துக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். மகாபொல (அரச பல்கலைக்கழக மாணவருக்குக் கொடுக்கிற உதவித்தொகை) கிடைத்தால் அதிலும் குறையும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 இலிருந்து 7,500 ஆகவும், மற்ற மாணவர் உதவுதொகையை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். அந்த 7,500 ஐ வைத்து வருசத்துக்குப் பத்துத் தவணை என்று எடுத்தால் மகாபொலவில் நாலு வருசத்துக்கு 3 இலட்சம் வரும். ஆக, இரண்டு வழிக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 25 முதல் 28 இலட்சம். நாலு ஏக்கர் வயலோடு மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிற வீட்டுக்கு இது சின்னக் காசு இல்லை.

அந்தக் கடனை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 20 இலட்சத்தை ஐந்து வருசத்துக்கு, 15 வீத வட்டிக்கு எடுத்தால் மாதத் தவணை 47,600 ரூபாய்க்குக் கிட்ட வரும். கட்டி முடிக்கும்போது 28 இலட்சத்து 50 ஆயிரம் கொடுத்திருப்பீர்கள். லீசிங்காரர் கேட்கிற வீதம் பெரும்பாலும் இதை விடக் கூடத்தான் இருக்கும். வட்டியை விட எனக்குப் பயம் தருவது தவணை வருகிற விதம். தவணை ஒவ்வொரு மாதமும் வரும். நெல்லுக் காசு வருவது காலபோகம் வெட்டினால் ஒருக்கா, சிறுபோகம் செய்ய முடிந்தால் இன்னொருக்கா. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது குளத்துத் தண்ணீரைப் பார்த்து விவசாயிகள் கூட்டத்தில் முடிவாகிற விசயம், உங்கள் கையில் இல்லை. போன காலபோகத்தில் உரம், மருந்து, வெட்டுக்கூலி எல்லாம் போகக் கையில் மிஞ்சியதை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் வருசத் தவணை 5 இலட்சத்து 71 ஆயிரம் என்று எழுதுங்கள். அந்த இரண்டு எண்களையும் உங்கள் கணவர் பார்க்கட்டும். நான் சொல்வதை விட அவை தெளிவாகச் சொல்லும்.

இரண்டு மூன்று தவணை பிந்தினால் ட்ரக்டரை இழுத்துக்கொண்டு போவார்கள். அப்போது உங்கள் வயலுக்கும் கூலிக்கு உழவு பிடிக்க வேண்டும், வெளி உழவில் வருகிற காசும் நின்றுவிடும். கடன் அடைக்க வேண்டிய வருமானத்தையே கடனுக்கு ஈடாக வைப்பது வன்னியில் எத்தனையோ குடும்பங்களை விழுத்தியிருக்கிறது. 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய ஊர்களில் லீசிங்கும் நுண்கடனும் என்ன செய்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன் எடுத்த பெண்கள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள்.

யாராவது "அப்ப வயலை வையுங்கோ" என்று சொன்னால், காணி உறுதிக் காணியா பெர்மிட் காணியா என்று முதலில் பாருங்கள். எங்கள் பக்கத்தில் நிறையக் காணி அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்தது. அதைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. தனி ஆளிடம் காசை வாங்கிக்கொண்டு பெர்மிட்டைக் கொடுத்து வைப்பது சட்டத்தில் நிற்காது. கடைசியில் சண்டைதான் மிஞ்சும்.

தம்பியின் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மனசார்த்தான் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே அவருக்கும் வீட்டுக் கடன், பிள்ளைகள், வேலை போகிற பயம் எல்லாம் உண்டு. நாலு வருசத்துக்கு மாதா மாதம் என்று ஒரு உறவைக் கட்டிப்போட்டால், மூன்றாம் வருசம் ஒரு மாதம் பிந்தும்போது காசும் நோகும், உறவும் நோகும். அவரிடம் ஒருமுறைச் செலவாகக் கேளுங்கள்: ஒரு நல்ல மடிக்கணினி, முதல் ஆறு மாதச் சாப்பாட்டுக் காசு. அந்த ஆறு மாதக் காசு முக்கியம். மகாபொலப் பட்டியல் வந்து முதல் தவணை கையில் கிடைக்க மாதக் கணக்கில் பிந்துவது வழக்கம். அதற்குள் பிள்ளை பட்டினி கிடக்கவோ நீங்கள் வட்டிக்கு எடுக்கவோ கூடாது.

இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊரில் யாரோ மகளின் காதில் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்: "வவுனியா கம்பஸ்தானே, கோட்டாவில் கிடைச்சது தானே." இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்த வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. ஏன் இருக்கின்றன என்று எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் இல்லாமல் காலியாகக் கிடக்கிற பாடவேளைகளைக் கேட்டால் தெரியும். டியூசனுக்குப் பதினைந்து கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துப் போய் இரண்டு ஏ எடுத்த பிள்ளைக்கு யாரும் பிச்சை போடவில்லை. நாடு முழுக்க எழுதுகிற ஒரு போட்டிப் பரீட்சையில் திறமையால் வென்ற இடம் அது. பட்டப்படிப்பு முழுவதற்கும் கற்பித்தல் கட்டணம் இல்லாத இடம். முழுப் புலமைப்பரிசிலுக்கு இது எந்த விதத்தில் குறைவு?

வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவில் இருக்கிறது. அங்கே வியாபாரக் கற்கைகள் பீடத்தில் நிதியும் கணக்கியலும் படிக்கலாம். பட்டயக் கணக்காளர் பரீட்சைகளை அதோடு சேர்த்தே எழுதிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் கணக்காளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்தத் தகைமைக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. நான் மேலே சொன்ன வித்தியாசக் காசு 28 இலட்சத்தில் ஒரு சின்னப் பங்கு அந்தப் பதிவுக்கும் பரீட்சைக் கட்டணங்களுக்கும் போதும்.

ஒரு இடத்தில் காசு செலவழிக்கச் சொல்வேன்: ஆங்கிலம். தமிழ் மொழியில் உயர்தரம் எடுத்த பிள்ளைக்குக் கொழும்பு நேர்முகத்தில் நாக்குத் தடுமாறியிருக்கலாம். பல்கலைக்கழகத்திலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். தொடங்குவதற்கு முன் இருக்கிற மாதங்களில் முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு நல்ல ஆங்கில வகுப்பில் விடுங்கள். அடுத்த புலமைப்பரிசிலுக்கும், முதுமாணிப் படிப்புக்கு வெளிநாடு போகிற யோசனை வந்தால் அதற்கும் அந்தக் காசு திரும்பத் திரும்ப உதவும்.

இந்தப் பதிலைப் படிக்கிற மற்றப் பெற்றோருக்கு ஒரு சொல். அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது, அங்கீகரித்த நிறுவனங்களின் பாடநெறிகளுக்கு மட்டும். லீசிங்காரரிடம் போவதற்கு முன் அதை விசாரியுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உண்டு. அம்மா, உங்கள் மகளுக்கு அரச இடம் இருப்பதால் அந்த வட்டியில்லா மாணவர் கடன் உங்களுக்குப் பொருந்தாது.

கொழும்புக் கதவை ஒரேயடியாக மூடச் சொல்லவில்லை. கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மகளே எழுதட்டும். 25 வீதக் கழிவு நாலு வருசத்துக்கும் உறுதியா, அல்லது இத்தனை புள்ளி எடுத்தால்தான் தொடருமா? பதிவுக் காசு கட்டிவிட்டுப் போகாவிட்டால் திரும்பக் கிடைக்குமா? குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிற வேறு சலுகை ஏதும் இருக்கா? எழுத்தில் பதில் வராத எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வவுனியாப் பதிவுத் திகதியைக் கலண்டரில் சிவப்பால் குறியுங்கள். அது தவறினால் இடம் போய்விடும். மகாபொலவுக்குக் கொடுத்த வருமான விபரம் சரியாக இருக்கிறதா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு வையுங்கள். நான் மேலே போட்ட கணக்கை மகளின் கையில் கொடுத்து, உங்கள் வீட்டு எண்களை வைத்து அவளையே திரும்பச் செய்யச் சொல்லுங்கள். வர்த்தகம் படித்த பிள்ளை, என்னை விடத் திருத்தமாகச் செய்வாள். அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கணக்கோடும் கல்லூரியின் எழுத்துப் பதிலோடும் இன்னொரு தரம் எழுதுங்கள், பார்ப்போம். அதுவரை ட்ரக்டரின் பதிவுப் புத்தகம் வீட்டு அலுமாரியிலேயே இருக்கட்டும்.