டி.சி. தரவில்லை என்று மகளை வீட்டில் வைக்காதீர்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மகள் ஐந்தாவது வரை அரசுப் பள்ளி. நன்றாகப் படிக்கிறாளே என்று ஆறாவதுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தோம். மகனும் அங்கேதான் நான்காவது படிக்கிறான். மகள் கணக்கில் 18,000 ரூபாய் பாக்கி. பணம் கட்டாதவர்கள் என்று வகுப்பில் எழுந்து நிற்க வைத்திருக்கிறார்கள். பள்ளி திறந்து ஆறு வாரம் ஆகிறது, போக மாட்டேன் என்கிறாள். என்னோடு கருவாடு காயப்போட வருகிறாள். அரசுப் பள்ளிக்குப் போனால் டி.சி. கேட்கிறார்கள். பாக்கியைக் கட்டாமல் டி.சி. கிடையாது என்கிறது பழைய பள்ளி. 5,000 ரூபாய் கொடுத்தால் டி.சி.யும் வாங்கி, வேறு தனியார் பள்ளியில் ஆர்டிஇ சீட்டும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அம்மா, கொடுக்க வேண்டாம். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது சேர, டி.சி. கையில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நாளைக் காலையே கூட்டிக்கொண்டு போகலாம்.

எந்தச் சட்டம் என்று கேட்பார்கள். ‘கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. எட்டாவது முடியும் வரை ஒரு பிள்ளை என்ன காரணத்துக்காகவும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறிக்கொள்ளலாம். பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும். ‘உடனே’ என்பது நான் சேர்த்த சொல் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. அவர் இழுத்தடித்தாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது, மறுக்கவும் கூடாது.

அப்படியிருந்தும் அரசுப் பள்ளியில் ஏன் திருப்பி அனுப்பினார்கள்? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் என்று ஒரு கணினிப் பதிவு இருக்கிறது. பழைய பள்ளி உங்கள் மகளின் பெயரை விடுவித்து, ‘காமன் பூல்’ என்கிற பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். பாக்கிக்காகச் சில தனியார் பள்ளிகள் பெயரையே பிடித்து வைத்துக்கொள்கின்றன. கணினியில் ஏறாத பிள்ளையைச் சேர்த்தால் மேலே இருந்து கேள்வி வருமோ என்று தலைமையாசிரியர்கள் பயப்படுகிறார்கள். நானும் தலைமையாசிரியராக இருந்தவன். பயம் புரிகிறது. ஆனாலும் அதில் நியாயம் இல்லை. பெயரை விடுவிக்கச் சொல்லி மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுவது பள்ளியின் வேலை. அந்தக் கடிதம் போய் வரும் வரை பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். கணினியில் ஒரு பொத்தானை அழுத்த யாருக்கும் மனம் வராததால், பன்னிரண்டு வயதுப் பெண் ஆறு வாரமாகக் கருவாட்டுக் களத்தில் நிற்கிறாள்.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: “என் மகள் (பழைய பள்ளியின் பெயர்) பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தாள். டி.சி. கேட்டும் தரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5-இன்படி ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.” தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்க முடியாது என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள். அதற்கும் மசியாவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அந்தப் பிரதியை இணைத்து மனு கொடுங்கள். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரண்டுக்கும் காசு கிடையாது. ஆதார் அட்டை இல்லை, சாதிச் சான்று இல்லை என்று யாராவது நிறுத்தினால், பிறகு கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

இனி அந்தத் தரகர் விஷயம். இது உங்களுக்கு மட்டும் நடப்பது இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆர்டிஇ என்பது தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது. அந்த இடம் நுழைவு வகுப்பில் மட்டும்தான், அதாவது எல்.கே.ஜி.யில் அல்லது ஒன்றாம் வகுப்பில். ஏழாவதில் ஆர்டிஇ சீட் என்று ஒன்று இல்லை. இல்லாத சரக்கை விற்கிறார். அவர் என்ன செய்வார் தெரியுமா? உங்கள் மகளை ஏதோ ஒரு பள்ளியில் சாதாரணமாகச் சேர்த்துவிட்டு, முதல் தவணையை உங்கள் பணத்திலேயே கட்டுவார். அடுத்த தவணையைக் கட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து சீட்டு வரும். அவர் போன் எடுக்க மாட்டார். இப்படி மாட்டிக்கொண்டு என்னிடம் வந்த குடும்பங்கள் ஒன்றிரண்டு இல்லை. பழைய பாக்கியோடு புதுப் பாக்கியும் சேர்ந்துதான் வந்தார்கள்.

அவர் வாங்கித் தரும் டி.சி. உண்மையானதா என்பதும் தெரியாது. போலியாக இருந்தால், பின்னால் சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டுவது அவர் இல்லை, உங்கள் பெண். அவர் கையில் ரேஷன் கார்டையோ ஆதாரையோ அசலாகக் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று 1,000, 1,500 கேட்பவர்கள் தாலுகா அலுவலக வாசலில் எப்போதும் நிற்பார்கள். இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய்தான். ரசீது கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. பாக்கியை அடைக்கப் படகுக்காரரிடம் முன்பணம் வாங்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் தடுங்கள். முன்பணம் வாங்கினவர் வேறு படகுக்கு மாற முடியாது, பங்கிலும் பிடித்தம் போகும். மீட்டர் வட்டி வேண்டவே வேண்டாம். 18,000 ரூபாய்ப் பாக்கி நீங்கள் பள்ளி மாறுவதால் மறைந்துவிடாது, அது உண்மை. ஆனால் அது உங்களுக்கும் பள்ளிக்கும் உள்ள கணக்கு, அதற்குப் பிள்ளையை அடமானம் வைக்க முடியாது. அந்த 18,000 எப்படி வந்தது என்று பிரித்து எழுதித் தரக் கேளுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்து, அதற்கென்று ஒரு குழுவும் இருக்கிறது. அந்தக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு, அதற்கு மேல் வேன், சிறப்பு வகுப்பு என்று ஏற்றியது எவ்வளவு என்று தெரிந்த பிறகு, நியாயமானதை மாதாமாதம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள்.

எழுப்பி நிற்க வைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதே சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தை வதைப்பதையும் தடுக்கிறது. உங்கள் மகள் பள்ளிக்குப் போக மறுப்பது சோம்பலால் இல்லை. நாற்பது பேர் பார்க்க நின்ற பிள்ளை திரும்ப அந்த அறைக்குள் எப்படிப் போவாள்? கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டியது பெற்றோரிடம், அதுவும் தனியாக.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக் கூலிக்காரர் வீட்டில் அந்த இரண்டு மாதமும் அடுப்பு கடனில்தான் எரியும். தடை முடிந்து படகு கிளம்பும் அதே ஜூனில்தான் பள்ளியும் திறக்கிறது. கட்டணம், நோட்டு, பை, ஷூ எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். நான் தலைமையாசிரியராகப் போன முதல் வருடம், ஜூனில் வராத பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். ஒரு தாய், “ரெண்டு பாடு மீன் வரட்டும் சார், நோட்டு வாங்கி அனுப்புறேன்” என்றார். நோட்டு இல்லாமல் போனால் திட்டு விழும் என்று பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கிறான். அடுத்த வருடத்திலிருந்து ஜூன் மாதம் முழுக்க யாரிடமும் நோட்டு கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்துத் தைத்து வைத்தோம், யாருக்கு என்று பெயர் சொல்லாமல் அலமாரியில் வைத்தோம். வருகை கூடியது. இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. தனியார் பள்ளிகளும் முதல் தவணையை ஜூலைக் கடைசிக்குத் தள்ளி வைக்கலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கூலிக் குடும்பங்களுக்கு நெருக்கடி வேறு மாதங்களில் வரும். எந்த மாதத்தில் கை காய்கிறது என்று ஊரைக் கேட்டால் சொல்லும். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஓர் ஆசிரியர் போய்ப் பார்த்தாலே பாதி இடைநிற்றல் நின்றுவிடும் என்பது என் அனுபவம். ஆசிரியர்களைத்தான் கணினி முன்னால் உட்கார்த்தி வைத்திருக்கிறோமே, எப்போது போவார்கள்?

சரி, உங்கள் பிள்ளைகளுக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் பாடநூல், சீருடை, மதிய உணவு, பஸ் பாஸ் எல்லாம் இலவசம் என்பது உங்களுக்கே தெரியும். ஆங்கில வழி வகுப்பும் பல பள்ளிகளில் இருக்கிறது. தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு நடக்கும். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அதை எழுத ஏழாவதில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆகவே இந்த வருடம் அவளுக்கு வீணாகக் கூடாத வருடம்.

அடுத்தது, எல்லோரும் குழப்பிக்கொள்ளும் விஷயம். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, இவை எல்லாவற்றுக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; முதல் இரண்டுக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் போதும். ஆறாவதுதான் கோடு. ஐந்தாவது வரை எங்கே படித்தாலும் கேட்க மாட்டார்கள். உங்கள் மகள் ஆறாவதைக் கட்டணம் கட்டித் தனியாரில் படித்துவிட்டதால் இப்போதுள்ள விதிப்படி இவை அவளுக்குக் கிடைக்காது. பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனம் இல்லை.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. எல்.கே.ஜி.யிலேயே ஆர்டிஇ ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்து, எட்டாவது வரை அந்த ஒதுக்கீட்டிலேயே படித்து, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இந்த உதவிகள் உண்டு. திரும்பவும் சொல்கிறேன்: ஆர்டிஇ ஒதுக்கீட்டில் படித்த பிள்ளைக்கு மட்டும். தனியாரில் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளைக்கு இல்லை. இந்த விலக்கை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ‘எட்டாவது வரை தனியாரில் படித்தால் பரவாயில்லை’ என்று ஒன்பதாவதில் மாற்றி ஏமாந்த பெற்றோர் நிறைய. ஆர்டிஇ பிள்ளையின் பெற்றோரும் எட்டாவது முடித்ததும் டி.சி.யோடு, ஒதுக்கீட்டில் படித்ததற்கான சான்றையும் பள்ளியில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அந்தப் பள்ளியில் பழைய ஆள் யாரும் இருக்க மாட்டார்.

உங்கள் மகனுக்கு இதனால்தான் அவசரம். நான்காவது படிக்கிறான். இந்த வருடமே அக்காவோடு மாற்றினால் அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் கிடைக்கும், அது ஐந்தாவது வரை உண்டு. இந்த வருடம் முடியாது என்றாலும் ஐந்தாவது முடித்த அந்த மே மாதமே டி.சி. கேட்டு எழுதிக் கொடுங்கள், ஆறாவது அரசுப் பள்ளியில் தொடங்கட்டும். அவன் கணக்கிலும் பாக்கி இருந்தால் மகளுக்குச் சொன்ன அதே கடிதம், அதே பிரிவு 5.

நாளைக்குப் போகும்போது மகளின் ஆறாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் அவள் எதிரில் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டாம். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.