டை, பெல்ட், அங்கவஸ்திரம்: தூக்கிப்போடும் முன் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அப்பா தவறி ஒரு வருடம் ஆகப்போகிறது. ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை பார்த்த காலத்தில் அவர் கட்டிய டைகள் அலமாரியில் அப்படியே தொங்குகின்றன, அம்மா தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார். குஷன் உறை தைக்கலாம் என்று ஒன்றை வெட்டித் தைத்துப் பார்த்தேன், இழுத்துக்கொண்டு கோணிவிட்டது. என் தையல் சரியில்லையா, துணி சரியில்லையா?
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: இரண்டுமே இல்லைம்மா. டைத் துணியை நேராக வெட்டுவதில்லை, 45 டிகிரி சாய்த்து கிராஸாகத்தான் வெட்டுவார்கள், முடிச்சுப் போட்டாலும் முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்க வேண்டுமே. கிராஸ் கட்டிங் ரவிக்கையில் துணி உடம்புக்கு ஏற்றபடி கொடுக்கும் இல்லையா, அந்தக் குணம்தான் உங்கள் குஷனைக் கோண வைத்தது.

இனிமேல் முதலில் கத்திரியை எடுக்காதீர்கள், பிரியுங்கள். டையின் பின்பக்கம் நடுவில் தளர்வாக ஓடும் ஒரு கைத்தையல்தான் மொத்தத்தையும் பிடித்திருக்கிறது. அகன்ற முனைக்குப் பக்கத்தில் குறுக்கே சின்னதாக ஒரு கட்டுத்தையல் இருக்கும், அதை அறுத்துவிட்டு நூலை மெதுவாக இழுத்தால் பல டைகளில் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். உள்ளே கம்பளி மாதிரி தடிப்பாக ஒரு துணி, இரண்டு முனையிலும் கொஞ்சம் லைனிங். டையை முழுதாக நனைத்தால் சுருக்கம் விழுந்து பாழாவது இதனால்தான், உள்துணி சுருங்குவது ஒரு மாதிரி, பட்டு சுருங்குவது வேறு மாதிரி. பிரித்த பிறகு பட்டுத் துணியை மட்டும் குளிர்ந்த நீரில் துளி ஷாம்பூ விட்டு அலசுங்கள், பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், தனித்தனியாக அலசுவது நல்லது.

அரை ஈரத்தில் பின்பக்கம் இஸ்திரி போடும்போது பெட்டியைத் தேய்த்து இழுக்காதீர்கள், வைத்து வைத்து எடுங்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை. இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் இன்டர்ஃபேசிங் துணி, நெய்த பருத்தியில் மெல்லியதாக வாங்கி, அதன் நேர் இழை, அதாவது துணிக்கரைக்கு இணையாக ஓடும் இழை, டையின் நீளவாட்டில் வரும்படி ஒட்டுங்கள். பிளாசா சிங்கப்பூரா ஸ்பாட்லைட்டில் கிடைக்கும், பீப்பிள்ஸ் பார்க் துணிக்கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். ஒட்டியபின் டைத் துணி இழுத்தாலும் கொடுக்காது. பிறகு அகன்ற பக்கத்திலிருந்து 9 செ.மீ. அகலத்தில் 42 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை, இப்படி ஆறு டையில் ஆறு பட்டை. பக்கத்துக்கு 1 செ.மீ. தையலுக்குப் போனாலும் 40 செ.மீ. குஷனுக்குத் தாராளமாக வரும். ஊசி 11ஆம் நம்பர், புதியது, மழுங்கிய ஊசி பட்டில் இழையை இழுத்துவிடும்.

பின்பக்கத்துக்குப் புதுத்துணி வேண்டாமே. அப்பாவின் சட்டை ஒன்று இருந்தால், பொத்தான் போட்டபடியே அதன் முன்பாகத்தைச் சதுரமாக வெட்டுங்கள். பொத்தான்களைக் கழற்றினால் குஷனை உள்ளே விடலாம், ஜிப் வைக்கும் வேலையே இல்லை. நாலு பக்கமும் தைக்கும்போது பொத்தான் ஊசிக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் அம்மா முன்னால் பரப்பி, எதை அப்படியே வைக்க வேண்டும் என்று அவரையே எடுக்கச் சொல்லுங்கள். அதை யாரும் தொட வேண்டாம். மற்றவற்றில் தைத்த குஷன் சோபாவில்தான் கிடக்க வேண்டும், அம்மா தினமும் சாய்ந்துகொள்ளட்டும், பேரப்பிள்ளைகள் மடியில் வைத்துக்கொள்ளட்டும், அழுக்கானால் கையில் அலசிக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய பெல்ட்டுகளைக் கூடைக்குக் கைப்பிடியாகத் தைக்கப் பார்த்தால் மெஷின் ஊசி உடைகிறது. சில பெல்ட்டுகள் தொட்டாலே செதில் செதிலாக உதிர்கின்றன.
(வாசகர், ஈசூன்)

பதில்: உதிர்வது தோல் இல்லை, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் பூச்சு தானாகவே சிதையும், கட்டாமல் பூட்டி வைத்தாலும் சிதையும். பசை போட்டு மீட்க முடியாது. பக்கிளை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிடுங்கள். அந்தப் பக்கிளில் ஒரு துணிப்பட்டை கோத்துத் தைத்தால் திரைச்சீலையை ஒதுக்கிக் கட்ட அழகாக இருக்கும்.

அசல் தோல் பெல்ட் 3, 4 மி.மீ. தடிப்பு இருக்கும், வீட்டு மெஷினைக் கஷ்டப்படுத்தாதீர்கள். குத்தூசியால் சம இடைவெளியில் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசியை விட்டு எடுங்கள். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்திருக்கும், கூடை கனத்தால் கைப்பிடி வந்துவிடுமோ என்ற பயம் இல்லை. கான்வாஸ் பெல்ட் என்றால் 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக வைத்து, தடித்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றி ஓட்டுங்கள்.

கேள்வி: தாத்தாவின் சரிகை அங்கவஸ்திரத்தைப் பூஜை மாடத்துக்குத் திரையாகத் தைக்கலாமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மாடம் சின்னது.
(வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: தாராளமாக. வெட்டவே வேண்டாம், மேல்பக்கம் மடித்துக் கம்பி நுழையும் அளவுக்குக் கைத்தையல் போடுங்கள், நாளைக்குப் பிரித்தால் அங்கவஸ்திரம் பழையபடியே இருக்கும். சரிகைமேல் நேராக இஸ்திரி வைக்காதீர்கள், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சின்ன மாடம் என்கிறீர்களே, எண்ணெய் விளக்கு ஏற்றுபவர் என்றால் திரையை இரண்டு பக்கமும் முழுதாக ஒதுக்கிக் கட்ட நாடா வைத்துத் தையுங்கள், காற்றாடி ஓடும்போது துணி சுடர்ப்பக்கம் போகாதபடி. விளக்கு எரியும்வரை திரை கட்டியே இருக்கட்டும்.