தனியாளாகப் பப்ஜி ஆடுகிறவர் காசு கொடுத்து ஐடி வாங்கலாமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். வயது 19. மூன்று வருஷமாகப் பப்ஜி மொபைலைத் தனியாகத்தான் ஆடுகிறேன். இப்போது சோலோவில் (தனியாள் ஆட்டத்தில்) பாதிக்குப் பாதி பாட், கம்ப்யூட்டர் ஆட்டுகிற பொம்மை ஆள். நாலு பேர் குழுவாக ஆடுகிற ஸ்க்வாட்டுக்குள் தனியாகப் போனால் நாலு பேர் சேர்ந்து அடிக்கிறார்கள். பெரிய ரேங்க் ஐடி (கேம் கணக்கு) ஒன்றை 18,000 ரூபாய்க்கு எடுத்துத் தருவதாக ஒரு அண்ணா சொல்கிறார். வாங்கினால் நல்ல மேட்ச் கிடைக்குமா? 3,000 அட்வான்ஸ் போட்டுவிட்டேன்.

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. 18,000 என்பது மலையில் பத்து நாளுக்கு மேல் கொழுந்து எடுத்தால் வருகிற காசு. அதைக் கொடுத்து வாங்கும் பெரிய ரேங்க், உங்களைப் பெரிய ரேங்க்காரர்களுக்கு நடுவில்தான் கொண்டுபோய்ப் போடும். பாட் குறையும், அது உண்மை. ஆனால் இப்போது பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்கிறவர் அங்கே இரண்டு நிமிஷத்தில் செத்து லாபிக்குத் திரும்பிவிடுவீர்கள்.

சோலோ ஏன் காய்ந்துபோனது? ஒரு மேட்ச்சுக்கு 100 பேர் வேண்டும். ஆடுகிறவர்களைச் சோலோ, டூவோ (இரண்டு பேர்), ஸ்க்வாட் என்று பிரித்து, பிறகு மேப், ரேங்க், சர்வர் என்று மேலும் பிரித்தால் கடைசியில் ஆள் எங்கே மிஞ்சும்? குறைகிற இடத்தைப் பாட் வைத்து நிரப்புகிறார்கள். கம்பனிக்கும் குழுவாக ஆடுகிறவர்தான் லாபம். நீங்கள் கேமை விட்டாலும் கூட்டாளிகள் மூன்று பேர் போன் போட்டுக் கூப்பிடுவார்கள் இல்லையா? அபெக்ஸ் லெஜண்ட்ஸ் மூன்று பேர் குழுவுக்கென்றே செய்த கேம். அதில் 2019 ஆகஸ்டில் சோலோவைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்து எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 2024இல், அதுவும் தற்காலிகமாக. விழுந்த கூட்டாளியை எழுப்புவதற்கென்றே செய்த பாத்திரம் தனியாக நின்று என்ன செய்யும்?

நாலு பேர் அடிப்பதற்கு வருகிறேன். எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சுடக்கூடிய சண்டையில், பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கமாகக் கூடும் என்று 1916இல் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதன்படி நாலு பேரின் பலம் உங்களைப் போல் நாலு மடங்கு அல்ல, 16 மடங்கு. போதாததற்கு, அவர்களில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் எழுப்பிவிடுவார். நீங்கள் விழுந்தால் வழக்கமாக அதோடு சரி.

ஒரு விலக்கு உண்டு. நாலு பேரும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்த்தால்தான் அந்த 16. இரண்டு லய வீட்டு வரிசைக்கு நடுவில் ஒற்றை ஆள் நடக்கிற சந்து இருக்குமே, அப்படி ஒரு இடத்தைப் பிடியுங்கள். எரங்கல் மேப்பில் மாடி வீட்டுப் படிக்கட்டு அதற்குத் தோது. ஏறுகிறவர் ஒருவர்தான் தெரிவார், அப்போது சண்டை ஒன்றுக்கு ஒன்று. அவரை விழுத்தினால் உடனே ஓடிப்போய் முடிக்காதீர்கள். எழுப்ப இன்னொருவர் வருவார், கிரனேட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் படியில் வரமாட்டார், ஜன்னலால் வருவார். அதனால் இரண்டு பேர் விழுந்ததும் அறையை மாற்றுங்கள். வெட்டவெளியில் மாட்டினால் இது எதுவும் உதவாது, வாகனத்தை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இதற்குப் பிங், அதாவது உங்கள் போனிலிருந்து சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், ஒழுங்காக இருக்க வேண்டும். 200 மில்லிவிநாடி என்றால் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மூலையில் எட்டிப் பார்த்துச் சுடுகிற சண்டையில் அதற்குள் கதை முடிந்துவிடும். கொரோனா நாளில் நம் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறிப் படித்தார்கள். எல்லாரும் படம் பிடித்துப் போட்டார்கள், அமைச்சர்கள் வருத்தப்பட்டார்கள். இன்றைக்கும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே ஏறினால்தான் நாலு கோடு காட்டுகிற தோட்டம் எத்தனை! சரி, அதைப் பேசினால் விடியாது. ராத்திரி எட்டு மணிக்கு ஊரே டேட்டாவில் இருக்கும்போது ரேங்க் மேட்ச் ஆடாதீர்கள்.

இனி அந்த அண்ணா. இவர்களைக் கங்காணி, தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்தவர், என்றுதான் நான் சொல்வேன். அந்தக் காலத்தில் ஆள் தோட்டம் மாறினாலும் கடன் எழுதிய துண்டு பின்னாலேயே வந்தது. ஐடியும் அதே மாதிரி. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் முதலில் கட்டிய மின்னஞ்சல் விற்றவரிடமே இருக்கும். போன மாதம் ஒரு பையன் என் கடைக்கு வந்தான், கண்ணாடி உடைந்த போனோடு. வாங்கிய ஐந்தாம் நாள் லாகின் ஆகவில்லை. விற்றவர் அதை மீட்டெடுத்து வேறு ஒருவருக்கு விற்றிருந்தார். புகார் கொடுக்கப் போன இடத்தில், "கேமுக்கா காசு குடுத்தாய்?" என்று சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். கேம்காரருக்கு எழுதினால் இயந்திரப் பதில். ஐடி விற்பதும் வாங்குவதும் கேமின் விதிப்படி குற்றம், அதனால் அங்கே வாதாடவும் வழியில்லை.

தமிழ்நாட்டு ஐடி என்று காட்டினால் இன்னும் கவனம். இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். 2021இல் அங்கே வந்தது பிஜிஎம்ஐ என்ற தனிப் பதிப்பு, இந்தியாவுக்கு மட்டும். அந்தக் கணக்கு நீங்கள் ஆடுகிற பப்ஜியில் திறக்காது. யூடியூப்பில் ரேங்கைப் பார்த்து மயங்கிக் காசு போட்டவர்கள் இங்கே நிறைய.

அட்வான்ஸ் 3,000 போனது போனதுதான். "மீதியைப் போட்டால் முழுவதையும் திருப்பித் தருகிறேன்" என்று ஒரு மெசேஜ் வரும், பதில் எழுதாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு நம்பரை பிளாக் செய்யுங்கள். உங்கள் சொந்த ஐடி எதோடு கட்டியிருக்கிறதோ, அந்தப் பேஸ்புக் அல்லது ஜிமெயில் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். "சும்மா செக் பண்ண" என்று அவர் ஓடிபி ஏதாவது கேட்டு வாங்கியிருந்தால், இதை வாசித்து முடிக்கக் காத்திருக்காமல் இப்போதே மாற்றுங்கள்.