சீனி வருத்தக்காரர் இராசவள்ளி சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பல வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கு. சீனிக்கு மெட்போமினும் பிரஷருக்கு லொசாட்டனும் பாவிக்கிறா. இந்த முறை வளவில் இராசவள்ளிக்கிழங்கு நன்றாக விழுந்திருக்கு. ஊதாக் கிழங்கு சீனியைக் குறைக்கும் என்று பெரியம்மா சொல்கிறா. கிளினிக்கிலோ கிழங்கே தொடக்கூடாது என்றார்களாம். யார் சொல்வதைக் கேட்பது? தோல் சீவும்போது கை கடிப்பது ஏன்?
– வாசகி, வெல்லாவெளி

பதில்: சாப்பிடலாம். ஆனால் மருந்தென்று நினைத்துச் சாப்பிட வேண்டாம். அந்த ஊதா நிறத்தைத் தருவது அந்தோசயனின், நாவற்பழத்திலும் இருப்பதுதான். உடம்புக்கு நல்லது, ஆனால் மெட்போமினின் வேலையை அது செய்யாது.

அவித்த வள்ளிக்கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 27 கிராம் மாச்சத்து. சோற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நைஜீரியா போன்ற மேற்கு ஆபிரிக்க நாடுகளில் வள்ளியினக் கிழங்குதான் பலருக்கு வேளைச் சாப்பாடு. நாங்களோ வயிறு நிறையச் சோறும் தின்றுவிட்டுப் பின்னேரம் தேத்தண்ணியோடு கிழங்கும் தின்கிறோம். சீனி ஏறாமல் என்ன செய்யும்? அம்மா காலையில் இரண்டு துண்டு அவித்த கிழங்கு சாப்பிட்டால், அந்த வேளைக்கு இடியப்பமோ பாணோ வேண்டாம். கூடவே மீன் குழம்பும் கீரையும் இருக்கட்டும். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பாருங்கள். 180 mg/dLக்கு மேல் போனால் அடுத்த முறை ஒரு துண்டு போதும்.

இராசவள்ளிக் களி வேறு கதை. மசித்துக் கரைத்த கிழங்கு வேகமாகச் சமிக்கும், அதற்குமேல் சீனியும் தேங்காய்ப்பாலும். பனங்கட்டி போட்டாலும் சீனி சீனிதான். எனக்கும் பிடித்த சாமான் என்பதால் ஒரேயடியாகத் தடை போட மனம் வரவில்லை: எப்போதாவது, இனிப்பைப் பாதியாக்கி, மூன்று நாலு கரண்டி.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது லொசாட்டன். அது உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கக் கூடிய மருந்து. அவித்த வள்ளிக்கிழங்கிலோ 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் இதில் பயமில்லை, பிரஷருக்கு நல்லதும்கூட. ஆனால் பல வருடச் சீனி வருத்தம் எந்த அறிகுறியும் காட்டாமலே சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கலாம். அப்படியானால் தேங்கும் பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குழப்பிவிடும். கிளினிக்கில் கிழங்கு வேண்டாம் என்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கிளினிக் கொப்பியில் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பொட்டாசியமும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தேடுங்கள். ஒரு வருடத்துக்குள் இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் செய்யச் சொல்லுங்கள், முடிவு வரும்வரை கிழங்கைத் தள்ளிவையுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் கிழங்கின் அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றினால் பொட்டாசியம் ஓரளவு குறையும். ஆவியில் அவித்தால் அவ்வளவு குறையாது. கிழங்கு தின்னும் ஆசையில் லொசாட்டனை நிறுத்திவிட வேண்டாம்.

கை கடிப்பது தோலருகே உள்ள கல்சியம் ஒக்சலேற் ஊசிகளால். கையில் தேங்காயெண்ணெய் பூசிச் சீவுங்கள், அல்லது கையுறை போடுங்கள். கிழங்கை நன்றாக அவித்தால் வாய் கடிக்காது. காட்டில் கிண்டிய, இனம் தெரியாத வள்ளியை மட்டும் அடுப்பில் ஏற்ற வேண்டாம். சிலவற்றில் நஞ்சு உண்டு.